வௌவால் மனிதனைப் படைத்தவர் யார்?

சில மாதங்களுக்கு முன்னர் உயர்தர வகுப்பொன்றிலே குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தோம். பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்துபோனவிடத்து, அவர் பாட்டிலே வரும் அழகிய தொடரொன்றையே அவருக்குப் பெயராகச் சூட்டிவிட்ட பழந்தமிழ்த் தொகுப்பாளர்களின் பெருந்தன்மையைப் பற்றிப் பேச்சு வந்தது. செம்புலப் பெயனீரார் என்ற பெயர் அவ்வாறு வந்ததே. புலவர் இன்னாரென்று தெரியாவிட்டாலும், இதனைப் பாடியவர் ஒருவர் இருந்தார் என்பதையாவது உலகம் மறவாதிருத்தல் வேண்டுமென்று அப்பெரியோர் கருதினர் போலும் என்று சொல்லி நிமிர்ந்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவனுடைய கண்கள் மேசைக்குக் கீழே இருந்தன.

அருகிற் சென்று பார்த்தோம். ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று. வௌவால் மனிதனாகிய பற்மனின் சாகசம். மணி அடித்தபின் வந்து பெற்றுக்கொள்ளும்படி சொல்லி வாங்கி வைத்தோம். பிறகு ஆசிரியர் அறையிலே அதனைப் புரட்டியபோது, முதற் பக்கத்தின் அடியிலே, பொடி எழுத்தில், பற்மனைப் படைத்தவர் பொப் கேன் என்றும், அதையொட்டிப் ‘பில் பிங்கருடன்’ என்றும் அச்சாகியிருக்கக் கண்டோம்.

புத்தகத்தைத் தேடி வந்த பையனிடம், “இந்தப் பில் பிங்கர் யார், தம்பி?” என்று கேட்டோம்.

“தெரியாது, சேர்.”

பற்மனின் பகைவர்கள் யாவர் என்று கேட்டதும், ஜோக்கர், பெங்குவின், விடுகதை போட்டுத் திருடும் றிட்லர் என்று மூச்சு விடாமல் ஒப்புவித்தான். அவனைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. பற்மன் பிறந்தது 1939ஆம் ஆண்டிலே. பில் பிங்கரின் பெயர் அந்தப் பக்கத்தின் அடியில் இடம்பெறத் தொடங்கியது 2015ஆம் ஆண்டிலே. எழுபத்தாறு ஆண்டுகளாக உலகமே அறியாதிருந்த பெயரை எமது மாணவன் அறியாதது பெருங்குற்றமன்று. அந்த எழுபத்தாறு ஆண்டுகளின் கதையையே இங்கு சொல்லப் புகுகின்றோம்.

பில் பிங்கர் 1914ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி, அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்திலுள்ள டென்வர் நகரிலே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மில்டன். யூத குடும்பம், தந்தையார் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய தையற்காரர். பின்னர் குடும்பம் நியூயோர்க் நகரின் புறொங்ஸ் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தம் எத்தனையோ சிறு கடைகளை விழுங்கியது போலவே இவர்களுடைய தையற்கடையையும் விழுங்கிற்று. மகனை வைத்தியராக்க வேண்டுமென்பது பெற்றோரின் கனவு. (எந்தத் தேசமானாலும் பெற்றோரின் கனவு ஒன்றுதான் போலும்!) 1933இல் பாடசாலைக் கல்வியை முடித்த மகனோ, நாடகக் கொட்டகையும் திரைப்படமும் மலிவு விலைத் துப்பறியும் சஞ்சிகைகளுமாக வளர்ந்து, ஈற்றில் சப்பாத்துக் கடையிலே பகுதிநேர விற்பனையாளராக நின்றார். யூதப் பெயரோடு வேலை தேடுவது அக்காலத்தில் எளிதன்று. மில்டன் என்ற பெயரைக் கைவிட்டுப் பில் ஆனார்.

அதே பாடசாலையிலே படித்த இன்னோர் இளைஞர் றொபேட் கான். அவரும் பெயரை மாற்றிப் பொப் கேன் ஆனவர். படம் வரைபவர், அதனினும் மேலாக, வரைந்ததை விற்கத் தெரிந்தவர். 1938ஆம் ஆண்டளவில் ஒரு விருந்திலே இருவரும் சந்தித்தனர். கதை எழுத ஆசைப்பட்ட சப்பாத்துக் கடை இளைஞருக்குக் கேன் ஒரு வேலை கொடுத்தார். கேன் வரையும் படத்தொடர்களுக்குப் பிங்கர் கதை எழுத வேண்டும், பெயர் கேனுடையது, கூலி பிங்கருடையது. ஒருவர் எழுத மற்றவர் பெயரில் வெளிவருவது அத்தொழிலிலே அன்று வழக்கமாயிருந்தது. பிங்கர் அதனைத் தயங்காமல் ஏற்றார். பின்னால் வந்த துன்பம் அனைத்துக்கும் வித்து அந்த முதல் உடன்பாட்டிலேயே விழுந்துவிட்டது என்பது எமது எண்ணம்.

அந்த ஆண்டிலேதான் சூப்பர்மன் வெளிவந்து அமெரிக்கச் சிறுவர்களைப் பித்தராக்கிக்கொண்டிருந்தான். அவனைப் படைத்தவர்கள் ஜெரி சீகல் என்ற எழுத்தாளரும் ஜோ ஷூஸ்டர் என்ற ஓவியரும். அப்பாத்திரத்தின் முழு உரிமையையும் அவர்கள் 130 டொலருக்குப் பதிப்பாளரிடம் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தனர். அந்த 130 டொலர் எத்தனை கோடியாகப் பெருகிற்று என்பதை எண்ணிப் பார்க்கவே தலை சுற்றும். சூப்பர்மனின் விற்பனையைக் கண்ட பதிப்பாளர், அதுபோல் இன்னொரு வீரன் வேண்டுமென்றார். கேன் ஒரு வார இறுதியில் கொண்டுவருவதாக வாக்களித்து வீடு திரும்பினார்.

கேன் வரைந்த முதற் படத்தைப் பிங்கர் பிற்காலத்தில் வருணித்திருக்கின்றார். செந்நிற உடை, கண்களை மட்டும் மறைக்கும் சிறு முகமூடி, கையுறை இல்லை, முதுகிலே விறைப்பான இரு சிறகுகள். ஏறக்குறையச் சூப்பர்மனுக்குச் சிறகு ஒட்டியது போன்ற உருவம். பெயர் மட்டும் வௌவால் மனிதன்.

பிங்கர் செய்தது என்ன? அலுமாரியிலிருந்த வெப்ஸ்டர் அகராதியை இறக்கி, வௌவாலின் படம் உள்ள பக்கத்தை விரித்தார். அதன் காதுகளைப் பார் என்றார். சிறு முகமூடிக்குப் பதிலாகக் காதுகளோடு கூடிய தலைமூடி வந்தது. விறைத்த சிறகுகள் போய், ஓடும்போது வௌவாலின் இறக்கை போல் விரியும் நீண்ட மேலங்கி வந்தது. கைக்கு உறை வந்தது. செந்நிறம் போய் இருளோடு இருளாகக் கலக்கும் சாம்பல் நிறம் வந்தது. கண்கள் இருக்குமிடத்தில் கருமணியில்லாத வெறும் வெண்பிளவு போதும் என்றார். ஆளைக் காண முடியாதபோதுதானே அச்சம் பிறக்கின்றது! இன்று உலகின் எந்த மூலையிலுள்ள சிறுவனும் ஒரே பார்வையிலே இனங்காணும் உருவம் அன்றுதான் அமைந்தது. படம் வரையத் தெரியாத ஒருவர் வாயாற் சொல்லிச் சொல்லி வரைவித்த உருவம் அது.

இந்த ஆலோசனைகளை இருவரும் நடத்திய இடங்களுள் ஒன்று புறொங்ஸிலுள்ள போ பூங்கா. எட்கார் அலன் போ என்னும் பெரும் எழுத்தாளர் தம் இறுதிக் காலத்திலே வாழ்ந்த சிறிய மரவீடு அங்கே பேணப்பட்டு வருகின்றது. துப்பறியும் கதைக்கும் திகிற் கதைக்கும் வழிவகுத்தவர் போ. அவர் வீட்டு நிழலிலே அமர்ந்து இரு இளைஞர்கள் திகிலும் துப்பும் கலந்த ஒரு வீரனை உருவாக்கினர்.

1939 மே மாத இதழாக வந்த ‘டிடெக்டிவ் கொமிக்ஸ்’ 27ஆம் இலக்கத்திலே பற்மன் முதன்முதலாகத் தோன்றினான். ஆறே பக்கக் கதை; புத்தகத்தின் விலை பத்துச் சதம். அப்பத்துச் சதப் புத்தகத்தின் பிரதியொன்று 2010ஆம் ஆண்டு பத்து இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. கதையை எழுதியவர் பிங்கர். கதையின் மேல் இருந்த கையொப்பமோ கேனுடையது மாத்திரமே.

இங்கே ஒன்றை மறைக்காது சொல்லுதல் வேண்டும். அந்த முதற் கதை பிங்கரின் சொந்தச் சரக்கன்று. ‘ஷடோ’ என்னும் துப்பறியும் வீரனைப் பற்றி 1936இல் வெளிவந்த கதையொன்றைத் தழுவியே அதனை எழுதினார். பின்னாளில் அவரே அதனை ஒப்புக்கொண்டார். நமது கதாநாயகரும் இரவல் வாங்கியவர்தாம். ஆயினும் இரவல் வாங்கிய நூலிலே புதிய துணி நெய்தார் என்பதற்குப் பிந்திய கதைகள் சாட்சி.

அந்த நெசவினைச் சற்று நின்று பார்ப்போம். முகமூடிக்குப் பின்னாலுள்ள மனிதனுக்குப் பெயர் வேண்டும். பிங்கர் தம் சரித்திர அறிவைத் துழாவினார். ஸ்கொட்லாந்தின் விடுதலைக்காகப் போராடிய றொபேட் புறூஸ் மன்னனிடமிருந்து ‘புறூஸ்’ என்பதை எடுத்தார். அமெரிக்கப் புரட்சிப் போரின் தளபதியாகிய அந்தோனி வெயினிடமிருந்து ‘வெயின்’ என்பதை எடுத்தார். பழைய செல்வக் குடும்பத்தவன் என்ற எண்ணத்தைப் பெயரே எழுப்ப வேண்டுமென்பது அவர் நோக்கம். நகரத்துக்கும் பெயர் வேண்டும். நியூயோர்க் என்று வெளிப்படையாகச் சொன்னால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் தம் ஊர் என்று எண்ணமாட்டார்கள். பல பெயர்களைத் தட்டிக் கழித்தபின், தொலைபேசி விலாசப் புத்தகத்தைப் புரட்டுகையில் ‘கொதம் நகையகம்’ என்ற கடைப் பெயர் கண்ணிற் பட்டதாம். கொதம் நகரம் அவ்வாறு பிறந்தது.

வீரனுக்குத் தனியே உலவுவதிலே ஒரு தொல்லை இருந்தது. எழுதுகின்றவர்களுக்குத்தான் அத்தொல்லை விளங்கும். தனியனாக நிற்பவன் யாரோடு பேசுவான்? எத்தனை நாட்களுக்குத் தனக்குத் தானே சிந்தித்துக்கொண்டிருப்பான்? ஷேர்லொக் ஹோம்ஸுக்கு வட்சன் வாய்த்தது போல் ஒரு துணை வேண்டுமென்று பிங்கர் கண்டார். 1940 ஏப்ரலில் றொபின் என்னும் சிறுவன் வந்து சேர்ந்தான். புத்தகத்தை வாசிக்கும் பையன்கள் தாமே றொபின் என்று எண்ணி மகிழ்ந்தனர். பூனைப் பெண், பெங்குவின், றிட்லர் முதலிய பகைவர்களின் பிறப்பிலும் பிங்கரின் கையுண்டு. ஜோக்கர் விடயத்தில் மட்டும் வழக்கு ஓயவில்லை. 1928ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றிலே நிலைத்த சிரிப்போடு தோன்றிய கொன்ராட் வைட் என்ற நடிகரின் படத்தைப் பிங்கர் கொண்டுவந்தார் என்பது ஒரு சாரார் கூற்று. தாம் காட்டிய சீட்டுக்கட்டுக் கோமாளியிலிருந்தே அவன் பிறந்தான் என்றார் ஓவியர் ஜெரி ரொபின்சன். மூன்று பேர் ஒரே மேசையைச் சுற்றி இருந்து செய்த வேலையிலே கோடு பிரித்தல் எளிதன்று.

வாசகர்களிற் சிலர், படம்தானே கதை சொல்கின்றது, எழுத்தாளருக்கு அங்கே என்ன வேலை என்று வினவக்கூடும். சித்திரக்கதையின் எழுத்தாளர் ஒவ்வொரு பக்கத்தையும் கட்டங்கட்டமாக மனத்திற் காண்கின்றார். முதற் கட்டத்தில் மழை பெய்யும் தெரு. இரண்டாவதில் சன்னலருகே ஒரு நிழல். மூன்றாவதில் அந்நிழலைக் காணும் கிழவனின் முகம் என்று எழுதி, ஒவ்வொருவர் வாயிலும் எத்தனை சொல் வரலாம் என்பதையும் அளந்து கொடுக்கின்றார். ஓவியர் அதன் பின்னரே தூரிகையை எடுக்கின்றார். நாடகாசிரியரும் நெறியாளரும் ஒருவரேயானால் எப்படியோ அப்படி.

பிங்கர் அவ்வேலையை அளவுக்கு மீறிய சிரத்தையோடு செய்தார். எப்போதும் ஒரு குறிப்புப் புத்தகம் அவரிடம் இருக்கும். பத்திரிகையிற் படித்த வியப்பான செய்தி, தெருவிற் கண்ட விசித்திரம், இயந்திரமொன்று இயங்கும் விதம் யாவும் அதில் ஏறும். கதை நூதனசாலையில் நடக்கிறதா, தொழிற்சாலையில் நடக்கிறதா? அதற்கேற்ற படங்களைச் சஞ்சிகைகளிலிருந்து கத்தரித்துக் கதையோடு இணைத்து ஓவியருக்கு அனுப்புவார். ஆளுயரத் தட்டச்சுப் பொறி, வீடளவான காசுப்பெட்டி போன்ற இராட்சதப் பொருள்களின் மேல் பற்மன் பாய்ந்து பகைவரோடு பொருதும் காட்சிகள் அவருடைய தனி முத்திரையாயின. பற்மனுக்கு மட்டுமன்று, 1940இல் மார்ட்டின் நொடெல் என்ற ஓவியருடன் சேர்ந்து ‘கிரீன் லான்டர்ன்’ என்ற வீரனை உருவாக்கியதிலும், சூப்பர்மனை வாட்டும் கிறிப்டனைட் கல்லை 1949இல் முதன்முதலாகச் சித்திரக்கதைக்குள் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

இத்தகையவருக்கு ஏன் பெயர் கிடைக்கவில்லை? முதற் காரணம் ஒப்பந்தம். பற்மன் எங்கே தோன்றினாலும் படைத்தவர் என்று தமது பெயர் ஒன்றே வரவேண்டுமென்று கேன் பதிப்பாளரோடு எழுதிக்கொண்டார். சீகலும் ஷூஸ்டரும் 130 டொலருக்கு எல்லாவற்றையும் இழந்து நிற்க, கேன் தம் நலத்தைக் காத்துக்கொண்டது சாமர்த்தியம் என்றே சொல்லலாம். பதிப்பாளரிடமிருந்து தம்மைக் காத்துக்கொண்டவர் தம் தோழரையும் சேர்த்துக் காத்திருக்கக் கூடாதா என்பதே எமது ஆதங்கம். கேன் பெயரைத் தாங்கிய படங்களிற் பல பிற்காலத்திலே அவர் கையால் வரையப்பட்டவையுமல்ல. ஷெல்டன் மொல்டொஃப் என்ற ஓவியர் 1953 முதல் 1967 வரை பெயரின்றி அவருக்காக வரைந்து கொடுத்தார்.

இரண்டாவது காரணம் பிங்கரின் சுபாவம். அமைதியானவர், எதிர்த்துப் பேச அறியாதவர். திருத்தித் திருத்தி எழுதுவதால் குறித்த நாளிலே கதை வந்து சேராது. பணமோ எந்நாளும் தட்டுப்பாடு. எழுதாத கதைக்கு முன்பணம் கேட்க வேண்டிய நிலை. தவணை தவறியவர், கடன் கேட்பவர் என்ற பெயர் பதிப்பகத்தில் நிலைத்துவிட்டபின், உரிமை கேட்கும் குரல் எங்கிருந்து எழும்? ஊதியம் வாங்கும்போதே தலை குனிந்து வாங்கியவர் பெயரைக் கேட்கும்போது எப்படி நிமிர்வார்? எமக்குத் தெரிந்த நல்ல எழுத்தாளர் சிலருடைய முகங்கள் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன.

1965ஆம் ஆண்டு கோடையிலே நியூயோர்க்கில் சித்திரக்கதை அபிமானிகளின் மாநாடொன்று கூடிற்று. அங்கே பிங்கர் மேடையேறினார். ஐம்பத்தொரு வயது. அவர் எழுதியவற்றைக் கேட்டவர்கள் திகைத்தனர். கேட்டவற்றையெல்லாம் ஜெரி பெயில்ஸ் என்ற அபிமானி சில நாட்களிலே இரண்டு பக்கக் கட்டுரையாக எழுதிச் சுற்றுக்கு விட்டார். பற்மனுக்கு இரண்டாவது தந்தை ஒருவர் உண்டு என்று அச்சிலே எடுத்துரைத்த முதற் கட்டுரை அதுவே. பெயில்ஸ் எம்மைப் போலவே ஒரு போதனாசிரியர். டிற்றொயிற் நகரிலுள்ள வெயின் பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானம் கற்பித்தவர். அப்பல்கலைக்கழகம் அமைந்த மாவட்டத்துக்குப் பெயர் தந்தவர் தளபதி அந்தோனி வெயின். புறூஸ் வெயினுக்கும் பெயர் தந்தவர் அவரே! கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

கேன் வாளாவிருக்கவில்லை. அதே ஆண்டு நீண்ட மறுப்புக் கடிதமொன்றை எழுதினார். பற்மனைப் படைத்தவர் தாம் ஒருவரே என்றும், பிங்கர் மிகைப்படுத்துகின்றார் என்றும் அதிலே வாதித்தார். பிங்கர் பதிலுக்கு வழக்காடவில்லை. பற்மன் கதை தொலைக்காட்சியிலே தொடராக வந்தபோது, நண்பர் சாள்ஸ் சின்கிளேருடன் சேர்ந்து இரண்டு பகுதிகளுக்கு வசனம் எழுதினார். 1966 ஒக்டோபரில் அவை ஒளிபரப்பாயின. பற்மன் கதையொன்றின்மேல் பில் பிங்கர் என்ற பெயரை அவர் தம் கண்ணாற் கண்டது, தெரிந்த மட்டில், அந்த ஒரு தடவைதான்.

பின்னைய ஆண்டுகளில் இராணுவத்துக்கான பயிற்சிப் படங்களுக்கும் சில திரைப்படங்களுக்கும் எழுதிக் காலந் தள்ளினார். மணவாழ்வு முறிந்தது; இருதய நோயும் பற்றிக்கொண்டது. 1974ஆம் ஆண்டு ஜனவரி 18ஆந் திகதி, மன்ஹற்றனிலுள்ள அவருடைய இருப்பிடத்திலே அவர் உயிரற்றுக் கிடந்ததைக் கண்டவர் அதே நண்பர் சின்கிளேர். அறுபது வயது நிறைய மூன்று வாரங்களே இருந்தன. மறு ஆண்டின் இறுதியில், பெரும் பொதுசனக் கிளர்ச்சியின் பின்னர், சூப்பர்மனைப் படைத்த சீகலுக்கும் ஷூஸ்டருக்கும் பெயரும் ஆண்டுதோறும் ஒரு தொகையும் மீண்டும் வழங்கப்பட்டன. அந்தக் காற்று பிங்கரின் வாசலுக்கு வரும்போது வீடு பூட்டிக் கிடந்தது.

அவர் பெயர்க்கல் இல்லாத ஏழைகளின் புதைகுழியில் இடப்பட்டார் என்று பல ஆண்டுகளாக எழுதி வந்தனர். அது உண்மையன்று. ஒரே மகன் பிறெட், தந்தையின் அஸ்தியை ஒறிகன் மாநிலத்துக் கடற்கரைக்குக் கொண்டுசென்றார். அங்கே ஈர மணலிலே வௌவால் வடிவமாக அதனைப் பரப்பினார். அலை வந்து எடுத்துச் சென்றது.

1989இல் பற்மன் திரைப்படம் வெளிவந்து உலகெங்கும் 40 கோடி டொலருக்கு மேல் ஈட்டிற்று. அதே ஆண்டு கேன் தம் சுயசரிதத்தை வெளியிட்டார். பிங்கருக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்றும், அவர் உயிரோடிருந்த காலத்துக்குத் திரும்பிப் போக முடிந்தால் அவர் பெயரையும் சேர்த்துப் போடுவேன் என்றும் அதிலே மனம் வருந்தி எழுதினார். அவ்வருத்தம் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அதன்பின் அவர் 1998 வரை வாழ்ந்தார். பக்கத்தின் அடியிலுள்ள வாசகமோ மாறவில்லை. பிங்கரின் மகனும் 1992இல் காலமானார். உரிமை கேட்க வாரிசு எவருமில்லை என்றே யாவரும் எண்ணினர்.

இவ்விடத்திலே மார்க் டைலர் நோபிள்மன் என்பவர் கதைக்குள் வருகின்றார். சிறுவர்க்குச் சரிதம் எழுதுபவர். பிங்கரைப் பற்றி ஒரு நூல் எழுதப் புகுந்தவர், அவருடைய புகைப்படமே கிடைப்பதரிதாயிருக்கக் கண்டார். பழைய பாடசாலைப் பதிவுகள், தொலைபேசிப் புத்தகங்கள், பழைய அயலார் என்று பல ஆண்டுகள் அலைந்தார். பற்மனே துப்பறிந்திருந்தாலும் இத்தனை பொறுமை காட்டியிருப்பானோ என்னவோ. அத்தேடலிலே, பிறெட்டுக்கு ஒரு மகள் உண்டு என்பது வெளிப்பட்டது. அதீனா என்னும் பெயருடைய அப்பெண், பாட்டனார் இறந்து இரண்டு ஆண்டுகளின் பின் பிறந்தவர். நோபிள்மனின் நூல் 2012இல் வெளிவந்தது. பேத்தியார் பாட்டனார் பெயருக்காகப் பதிப்பாளரோடு பேசத் துணிந்தார். 2015 செப்டெம்பரில் பதிப்பாளர் இணங்கினர். அடுத்த மாதம் முதலே சித்திரக்கதைப் பக்கங்களிலே அப்பெயர் அச்சேறலாயிற்று. 2016இல் வந்த திரைப்படத்திலும் திரையில் ஒளிர்ந்தது.

இதற்கு முன்னரே, 2005இல், ஜெரி ரொபின்சனின் தூண்டுதலாற் பில் பிங்கர் பெயரிலே ஒரு விருது நிறுவப்பட்டிருந்தது. உரிய மதிப்புப் பெறாத சித்திரக்கதை எழுத்தாளர்களுக்கே அது உரியது. முதலாண்டில் அதனைப் பெற்றோருள் ஒருவர் காலஞ்சென்ற ஜெரி சீகல். பெயரிழந்தவர் பெயரால், ஒருகாற் பெயரிழந்து நின்ற இன்னொருவருக்குச் சிறப்பு!

எமது மாணவன் புத்தகத்தில் நாம் கண்ட அந்த வாசகத்துக்கு மீள்வோம். ‘பொப் கேனும் பில் பிங்கரும்’ என்று அது சொல்லவில்லை. பில் பிங்கருடன் பொப் கேன் என்கிறது. சட்ட வல்லுநர்கள் நிறுத்துப் பார்த்து இட்ட சொல் அது. ஆங்கில வழக்கிலே ‘உடன்’ என்று சேர்க்கப்படுபவர் ஒரு படி தாழ்ந்தவர், துணைக்கு வந்தவர். எண்ணும்மை கொடுத்தால் இருவரும் சமமாகிவிடுவர் அல்லவா? அபிமானிகளிற் பலர் அதனாலேயே இன்றும் மனக்குறையோடு இருக்கின்றனர்.

ஆனால் தமிழிலக்கணம் படித்தவர்களுக்கு இதிலே ஒரு வேடிக்கை உண்டு. இருவர் சேர்ந்து ஒரு வினையைச் செய்யுங்கால், ‘ஒடு’ என்னும் உருபு அவர்களுள் உயர்ந்தவர் பெயரோடு சேர்ந்து வரும் என்பது தொல்காப்பியர் விதி. ஆசிரியரோடு மாணாக்கர் வந்தனர் என்றால் உயர்ந்தவர் ஆசிரியர். அரசனோடு இளையர் வந்தனர் என்றால் உயர்ந்தவன் அரசன். அந்த விதிப்படி பார்த்தால், பில் பிங்கரொடு பொப் கேன் படைத்தார் என்னும் வாசகத்திலே உயர்ந்து நிற்பவர் யாரென்று எமது மாணவர்கள் நொடியிற் சொல்லிவிடுவர். நியூயோர்க்கின் சட்ட வல்லுநர்கள் சேனாவரையர் உரையைப் பார்த்திருக்க நியாயமில்லை.

மறுநாள் வகுப்பிலே மூன்றாம் வேற்றுமைக்கு இவ்வுதாரணத்தையே கரும்பலகையில் எழுதினோம். பின்வரிசைப் பையன் முதன்முறையாக முன்வரிசைக்கு வந்து அமர்ந்திருந்தான். பிங்கர் பெயரில் அங்கே ஏதாவது இருக்கிறதா என்று அவன் கேட்டான். இருக்கிறது என்றோம். 2017 டிசெம்பரிலே, புறொங்ஸில், போ பூங்காவுக்கு அருகே 192ஆம் தெரு பெருவீதியைச் சந்திக்கும் முனைக்குப் பில் பிங்கர் வழி என்று பெயரிட்டார்கள். பச்சைப் பலகையொன்றிலே அப்பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அதிலே வேறு எவருடைய பெயரும் இல்லை.